இருமல் மருந்து மூடியும் நூறு மில்லியும்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. 2024-ஆம் வருஷம் ஆவணி மாதம். அடுப்படியில் ஒரு அம்மா, இருமல் மருந்து பாட்டில் மேல் கவிழ்த்து வைத்திருக்குமே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி, அதை வைத்து எண்ணெய் அளந்துகொண்டிருக்கிறார். ஒரு மூடி பத்து மில்லி. எட்டு மூடி ஊற்றியாச்சு. ஆக மொத்தம் எண்பது. நூறுக்குள் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக மூடுகிறார்.

அது சாதாரண எண்ணெய் இல்லை. எட்டு தேங்காய் துருவி, பால் பிழிந்து, உருளியில் ஊற்றி, கசண்டு சிவந்து அடியில் நிற்கும்வரை கிண்டி, இறக்கி, வடிகட்டின தேங்காய்ப்பால் எண்ணெய். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட அரை நாள் அடுப்படியில் நின்று காய்ச்சினது. பெரும்பகுதி சூட்கேஸுக்குள் போய்விட்டது. சூட்கேஸ் தொலைந்துவிட்டால்? அதற்குத்தான் கையில் ஒரு எண்பது மில்லி. எதிர் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், "கையில கொண்டு போறது நூறு மில்லிக்குள்ள இருந்தா விட்டுடுவாங்க"ன்னு.

அதே நேரம் கூடத்தில் அவருடைய கணவர் வேறொரு சம்படத்தை சூட்கேஸுக்குள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இன்சுலின் பேனா, ஊசிகள். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். காலையும் ராத்திரியும் ஊசி போட்டாகணும். அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள், "பிளேன்ல ஊசி, கத்தி எதுவும் கையில விடமாட்டான், பிடுங்கிப் போட்டுடுவான்"னு.

எண்ணெய் கையில். இன்சுலின் சூட்கேஸில். இரண்டு பேருமே விதியைக் கேட்டுத்தான் செய்தார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் பாதி விதிதான் வந்து சேர்ந்திருந்தது.

விமான நிலையத்தில் என்ன ஆச்சு? எந்த ஊர் விமான நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை, எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஸ்கேனர் பெல்ட் நின்றது. காவலில் இருந்த பெண் கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தார், திருப்பிப் பார்த்தார்.

"இது இருநூறு மில்லி பாட்டில்மா."

"இல்லம்மா, எம்பதுதான் இருக்கு. நானே அளந்து ஊத்தினேன்."

"உள்ள எவ்வளவு இருந்தாலும் பாட்டில் நூறுக்குள்ள இருக்கணும்மா."

பழைய தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில் அது. பின்பக்கம் 200 என்று அச்சடித்திருந்தது. பாதிகூட நிரம்பாத பாட்டில்தான். அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப நீயே எடுத்துக்கோம்மா. உங்க வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா தேய்ச்சு விடு. நல்ல எண்ணெய்"ன்னு சொன்னார். அந்தப் பெண் சிரித்தார். ஆனால் வாங்கிக்கொள்ள முடியாது, விதி அப்படி. பாட்டில் கூடைக்குள் போனது. ஏற்கெனவே அதில் ஒரு பஞ்சாமிர்த டப்பாவும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு பெரிய ஷாம்பூவும் கிடந்தன.

சரி, இந்த நூறு மில்லி எங்கிருந்து வந்தது?

2006 ஆகஸ்ட் 10-ஆம் தேதி. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் விமானங்களை நடுவானில் தகர்க்கத் திட்டமிட்டதாகச் சொல்லி பிரிட்டிஷ் போலீஸ் ஒரு கூட்டத்தைக் கைது செய்தது. குளிர்பான பாட்டில்களுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வெடிதிரவத்தை நிரப்பி எடுத்துப்போவதுதான் திட்டம். 2009-ல் சிலர் மேல் குற்றம் நிரூபணமாகி ஆயுள் தண்டனையும் கிடைத்தது.

அன்றைக்கு ஒரே ராத்திரியில் பிரிட்டனில் கைப்பையே கூடாது என்றார்கள். பர்ஸ், பாஸ்போர்ட், அவசியமான மருந்து மட்டும் ஒரு கண்ணாடிப் பையில். குழந்தைக்குப் பால் கொண்டுவந்த தாய்மார்களை, அந்தப் பாலை அங்கேயே ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்கள். நினைத்துப் பாருங்கள்!

அப்படியே காலத்துக்கும் நடத்த முடியுமா? முடியாது. அதனால் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். சின்னச் சின்ன பாட்டிலாக, மொத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்று கணித்து, 2006 செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவிலும், நவம்பர் 6 முதல் ஐரோப்பாவிலும் புது விதி வந்தது. அப்புறம் அது உலகம் பூராவும் பரவியது. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட, திறந்து மூடக்கூடிய ஒரே ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பை. அது ஒரு லிட்டர் பை. ஆளுக்கு ஒரு பைதான்.

கணக்குப்படி ஒரு லிட்டரில் பத்து நூறு மில்லி. ஆனால் பாட்டில் எல்லாம் உருண்டை, மூடி வேறு தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். நடைமுறையில் ஆறேழு வைத்தாலே பை மூடமாட்டேன் என்கும். மூடாத பை செல்லாது.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அந்த அம்மா தடுக்கி விழுந்த அதே இடம்தான். விதி அளப்பது திரவத்தை அல்ல, பாட்டிலை. காரணம் எளிது. ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான பைகள் பெல்ட்டில் வரும்போது, ஒவ்வொரு பாட்டிலிலும் எவ்வளவு மிச்சம் என்று அளந்துகொண்டிருக்க முடியாது. மேலே அச்சடித்த எண்ணைப் பார்க்கலாம், அவ்வளவுதான். முக்கால்வாசி பிதுக்கித் தீர்ந்த 150 கிராம் டூத்பேஸ்டும் இதனால்தான் போகும். அதனால் புது பாட்டில் வாங்கும்போதே பின்பக்கம் பாருங்கள். எதுவும் எழுதாத பாட்டில் என்றால் வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.

இரண்டாவது தடுக்கல், எது திரவம் என்பது. பள்ளிக்கூடத்தில் படித்த திண்மம், திரவம், வாயு இங்கே உதவாது. ஊற்றினால் ஓடுவது, பிதுக்கினால் வருவது, வழித்துத் தடவ முடிவது, பீய்ச்சி அடிப்பது எல்லாம் ஒரே கணக்கில்தான் வரும். நம்ம வீட்டு அடுப்படியை வைத்துச் சொன்னால்:

நெய், தேன், தயிர், எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய், புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, பழனி பஞ்சாமிர்தம். இவை எல்லாம் திரவக் கணக்கு. சூட்கேஸில் போடுங்கள்.

முறுக்கு, அதிரசம், கெட்டி மைசூர்பாகு, கருவாட்டு வற்றல், வடகம். இவை திரவம் இல்லை. (போகிற நாடு உணவுப்பொருளை உள்ளே விடுமா என்பது தனிக் கேள்வி. அது சுங்கத்துறை வேலை. அதையும் முன்னாலேயே பார்த்துவிடணும்.)

இட்லிப்பொடி, சாம்பார்பொடி? பொடி திரவம் இல்லைதான். ஆனால் 2018 ஜூன் 30 முதல், அமெரிக்கா போகிற சர்வதேச விமானங்களில் 350 மில்லிக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் விடமாட்டார்கள். அமெரிக்கா போகிறவர்கள் பொடியையும் சூட்கேஸில் போடுவது நல்லது.

சரி, அந்த அய்யா கதைக்கு வருவோம். முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கு.

விடிகாலை சிங்கப்பூரில் இறங்கினார்கள். பெல்ட் சுற்றியது. எல்லோருடைய பெட்டியும் வந்தது, இவர்கள் சூட்கேஸ் வரவில்லை. கவுன்டரில் கேட்டால், எடை அதிகமானதால் சில பெட்டிகள் ஏறவில்லை, நாளைக்கு வரும், வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு எண்ணெய் போச்சே என்ற கவலை. அய்யா ஒன்றும் பேசவில்லை. மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய் இன்சுலின் பெட்டியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒரு வேளைதானே, பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் தலை சுற்றியது. நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீராகக் கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை அவரைக் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு ஓடினார். ஒன்பது மாத வயிற்றோடு மகளும் கூடவே போனாள், சொன்னால் கேட்டால்தானே. சர்க்கரை முந்நூற்று எண்பது. டாக்டர் ஊசி போட்டு, புதுசாக மருந்து எழுதிக் கொடுத்து, மாலைவரை உட்கார வைத்து அனுப்பினார்.

"ரூபாயில பெருக்கிப் பாக்காதீங்கப்பா"ன்னு மகள் சொன்னாள். கணக்கு எழுதின மனுஷன், பெருக்கித்தான் பார்த்தார்.

மறுநாள் சூட்கேஸ் வந்தது. சம்படமும் இருந்தது. ஆனால் டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அதைப் போடாதீர்கள் என்று. விமானத்தின் அடிப்பகுதியில் குளிர் கடுமையாக இருக்கலாம். இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் மறுபடி உருகினாலும் பயன் இல்லை, கெட்டுப்போனதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். வெயிலிலும் எங்கேயோ கிடந்திருக்கும், குளிரிலும் கிடந்திருக்கும். அவ்வளவும் குப்பைக்குப் போனது.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் பயந்த விதியே கிடையாது. உண்மை நேர் எதிர். பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு நூறு மில்லிக் கட்டுப்பாடு இல்லை, நூறுக்கு மேல் இருந்தாலும் தேவையான அளவு கொண்டுபோகலாம். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்கணும் என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. ஊசியும் மருந்தோடு சேர்ந்து இருந்தால் விடுவார்கள். செய்ய வேண்டியது மூன்றே மூன்று. டாக்டரிடம் ஒரு கடிதமோ மருந்துச்சீட்டோ வாங்கிக்கொள்ளணும். மருந்து அதன் சொந்த அட்டைப்பெட்டியில் பெயர் தெரிகிற மாதிரி இருக்கணும். ஸ்கேனருக்கு முன்னால் அவர்கள் கேட்பதற்குள் நாமே எடுத்துக் காட்டணும். கைக்குழந்தையின் பால், குழந்தை உணவுக்கும் இதே சலுகை உண்டு.

எண்பது மில்லி எண்ணெய்க்கு எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டவர்கள், உயிர் காக்கும் மருந்துக்கு விமான கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. படிக்காதவர்கள் என்று சொல்லவும் முடியாது. கேட்டால் அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற பயம். நம்ம ஊரில் ஆபீஸ் என்றாலே பெரியவர்களுக்கு இருக்கும் பயம்தான் அது.

பி.காம். பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்டுப் போன இன்னொன்றின் மதிப்பு. கைப்பையில் இருக்கும் இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தை எண்ணெய்க்குக் கொடுத்து, இன்சுலினை சூட்கேஸுக்கு அனுப்பினால் வாய்ப்புச் செலவு எவ்வளவு என்று பரீட்சையில் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பெட்டி கட்டும்போது கேட்கவேண்டிய கேள்வி அதுதான். இந்தப் பெட்டி நாளைக்கு வரவில்லை என்றால் எது இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது? அது கைக்குப் போகணும். மற்றதெல்லாம் பெட்டிக்கு.

காசு கணக்கும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சோதனையில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே போய் வெளியில் விற்கிற விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். பாட்டில் தடை இல்லை, தண்ணீருக்குத்தான் தடை. காலி பாட்டிலைக் கொண்டுபோய் உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் சாங்கியில் முதல் மூன்று டெர்மினல்களில் இந்தச் சோதனை விமானம் ஏறும் கேட்டிலேயே இருக்கும். அதனால் வழியில் நிரப்பின தண்ணீரும் கேட் வாசலில் போய்விடும், உஷார்.

உள்ளே வாங்கும் வரியில்லாக் கடை திரவங்களுக்கு வேறு கணக்கு. (இந்தக் கடை முதன்முதலில் 1947-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் வந்தது.) அங்கே வாங்குவதை முத்திரையிட்ட பையில் ரசீதோடு போட்டுத் தருவார்கள். கடைசி ஊர் போகும்வரை அதைப் பிரிக்கக்கூடாது. நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறுகிறவர்கள் ஆசையில் பிரித்துப் பார்த்தால், அடுத்த சோதனையில் அந்த சென்ட் பாட்டிலும் கூடைக்குத்தான்.

சூட்கேஸில் வந்த எண்ணெய் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? வந்தது. ஆனால் கொஞ்சம் கசிந்து இரண்டு புடவை நனைந்திருந்தது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது, கிட்டத்தட்ட 8,000 அடி மலைமேல் நிற்கிற மாதிரி குறைந்துவிடும். பாட்டிலுக்குள் மிச்சம் இருக்கும் காற்று விரிந்து, எண்ணெயை மூடி வழியாக வெளியே தள்ளும். அதனால் அமுங்குகிற பிளாஸ்டிக் பாட்டில் என்றால் லேசாக அமுக்கி, காற்றை வெளியேற்றிவிட்டு மூடணும். மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பேப்பர் வைத்துத் திருகினால் இன்னும் நல்லது. மேலே ஒரு பை, அந்தப் பைக்கு மேல் ஒரு பை.

இப்போது இந்த விதியே மெல்ல மாறிக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரியில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் மாதிரி, பையை எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கும் புது இயந்திரங்கள் வந்துவிட்டன. 2025-ல் எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்களில் இரண்டு லிட்டர் வரை பாட்டில்களை அனுமதித்தார்கள். ஆனால் போகும்போது விட்ட பாட்டிலைத் திரும்பும் ஊரில் விடுவார்கள் என்று ஒரு உத்தரவாதமும் கிடையாது. ஐரோப்பாவில் புது இயந்திரம் வைத்த சில இடங்களில் தளர்த்திவிட்டு, 2024 செப்டம்பர் 1 முதல் மறுபடி நூறு மில்லிக்கே போனார்கள். நம்ம நாட்டில் தேங்காயையே பாருங்கள். கைப்பையில் விடாத தேங்காயை, சபரிமலை போகிற பக்தர்களின் இருமுடிக்காக 2024 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி 20 வரை என்று தேதி போட்டு அனுமதித்தார்கள். ஆக, போன வருஷம் போனவர் சொன்னது இந்த வருஷத்துக்கு செல்லாது. போகிற ஊர், மாறுகிற ஊர், திரும்புகிற ஊர் மூன்றையும் பயணத்துக்கு முந்தின நாள் பார்க்கணும்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். கசிந்தது போக மிச்சம் இருந்த எண்ணெய் நாற்பது நாளுக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்பும்போது, பெட்டி கட்டினது அந்த அய்யா. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதியிருந்தார். இடது பக்கம் கை, வலது பக்கம் பெட்டி. இடது பக்கம் முதல் வரி இன்சுலின், இரண்டாவது வரி டாக்டர் கடிதம்.

கேட்டில் அவர் மருந்துப் பையை இரண்டு கையாலும் நீட்டினார், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. அந்த அதிகாரி கடிதத்தைப் பார்த்தார், தலையசைத்தார், அவ்வளவுதான். பத்து வினாடி ஆகியிருக்காது. அய்யாதான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், இன்னும் ஏதோ கேட்பார்கள் என்று.

பின்னால் அந்த அம்மா, சொந்தக்காரர்களுக்கு வாங்கின கோடாலித் தைலத்தை ஒரு கண்ணாடிப் பையில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாமே சின்னச் சின்ன பாட்டில், பை சரியாக மூடியிருந்தது. ஒன்றுகூடப் போகவில்லை.

இப்போது அந்தத் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் அவரிடம் வந்து கேட்கிறார்கள். அவர் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "உள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்காதே, பாட்டில் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு பாரு. ஊசி மருந்தை மட்டும் பொட்டியில போட்டுடாதே."

பி.கு.: பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டிலிருந்து தனியாகக் கிளம்புகிறார்கள் என்றால், அவர்கள் பெட்டியை ஒரு தடவை நீங்கள் திறந்து பாருங்கள். மாத்திரை, மருந்து, கண்ணாடி எங்கே இருக்கு என்று கேளுங்கள். திட்டுவார்கள். பரவாயில்லை.